எழுதுகிறவர் மேஜையில் என்ன புத்தகம்?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் அங்கத்தினர்களில் சிலர் குடும்ப வரலாறு எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டுச் சந்தோஷம். எழுபதைத் தாண்டிய நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? பேரன் பேத்திகள் புனேயிலும் நொய்டாவிலும் வளர்கிறார்கள். பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நாம் எழுதுவதை நாளை யாராவது மொழிபெயர்த்துத்தான் அவர்களுக்குத் தர வேண்டியிருக்கும். அப்போது சந்தேகம் கேட்க நாம் இருக்க மாட்டோம். அதனால்தான் துணைநூல்களைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன்.

முதலில் வருஷக் கணக்கு. பழைய ஜாதகங்களிலும் கணக்கு நோட்டுகளிலும் "ஆனந்த வருஷம் ஆவணி மாதம்" என்று மட்டுமே இருக்கும். ஆனந்த வருஷம் 1854-லும் வந்தது, 1914-லும் வந்தது, 1974-லும் வந்தது. நண்பர் ஒருவரின் கையெழுத்துப் பிரதியில் மகன் பிறந்து பல வருஷம் கழித்துத் தகப்பனார் பிறந்திருந்தார்! கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் குறிக்கப்பட்டிருந்தால் இங்கிலீஷ் தேதியைப் பிடித்துவிடலாம். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911-ல் வெளியிட்ட 'இந்தியன் க்ரோனாலஜி' இதற்கு இன்றும் துணை. அவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அட்டவணைகளைப் பார்த்து மிரள வேண்டாம், பெரும்பாலும் கூட்டல் கழித்தல்தான்.

அடுத்தது அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-ல் அநுபந்தமும் வந்தது. தமிழிலும் இங்கிலீஷிலும் பொருள் தருவதோடு, பிராமண வழக்கு என்று குறிப்பிட்டே பல சொற்களைத் தருகிறது. இது நமக்குப் பெரிய உபகாரம். "அத்திம்பேர் வந்து பணம் கொடுத்தார்" என்று எழுதிவிடுகிறோம். அத்தையின் கணவரா, அக்காவின் கணவரா? நமக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. முதல் தடவை வரும்போதாவது உறவை விளக்கி எழுதுங்கள். ஆறு தொகுதிகளையும் வாங்கி அலமாரியை நிரப்ப வேண்டியதில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

ஆனால் லெக்சிகனுக்கு வயதாகிவிட்டது. இன்றைய சொல்லாட்சிக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். 1992-ல் முதலில் வந்தது. மூன்றாம் பதிப்பு 2020-ல் வந்ததால், பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். புராணப் பெயர்களுக்கு அபிதான சிந்தாமணி உண்டு. 1910-ல் ஒரு தனி மனிதரின் உழைப்பில் வந்த நூல், ஆச்சரியமானதுதான். இருந்தாலும் இன்னொரு நூலோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

எந்தத் துணைநூலையும் வாங்குமுன் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று விஷயங்களை அதில் தேடிப் பார்ப்பேன். அவற்றிலேயே கோளாறு என்றால், தெரியாத விஷயத்தில் அதை எப்படி நம்புவது? விஞ்ஞானம் படித்தவன் புத்தி அப்படி.

உற்சாகத்துக்கு எதைப் படிப்பது? எழுத்தாளர் ஆவது எப்படி என்ற புத்தகங்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படியுங்கள். 85 வயதை நெருங்கும்போது, 1940-ல், ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். 1942-ல் அவர் காலமானபோது அது முடியவில்லை. ஆகவே "இனிமேல் எங்கே எழுதுவது?" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். தம் ஊரையும் முன்னோர்களையும் சொல்லிவிட்டுத்தான் தம்மைப் பற்றிச் சொல்ல வருகிறார். அந்த வரிசையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

என்னைப் போல் ஆபீஸ் குறிப்பு எழுதியே கை பழகியவர்களுக்கு ஒரு மருந்து உண்டு. எர்னஸ்ட் கவர்ஸ் 1948-ல் பிரிட்டிஷ் அரசாங்க ஊழியர்களுக்காக எழுதிய 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்'. "மேற்படி நபர்" என்று சொந்தப் பாட்டியைக் குறிப்பிடும் வியாதி அதனால் ஓரளவு குணமாகும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் பழைய பஞ்சாங்கம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். தேதிகளைச் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்ப்போம்.