‘ஆகவே’ சொல்லும் முன்



எட்டாம் வகுப்பில் நாம் தயார்ப்படுத்தும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்றால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன் தேர்வில் 90 நிமிடத்தில் 90 வினாக்கள். அதில் கூற்று–முடிவு வினாக்களில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். ஏன்?

“எல்லாப் பறவைகளும் பறக்கும், நெருப்புக்கோழி ஒரு பறவை. ஆகவே நெருப்புக்கோழி பறக்கும்.” இந்த முடிவு சரியா என்று கேட்டால், “தவறு” என்பார்கள். அவர்களின் அறிவியல் அறிவு அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் வினா கேட்பது, முடிவு உண்மையா என்பதை அன்று. கொடுத்த கூற்றுகளிலிருந்து அது பெறப்படுகிறதா என்பதை. இங்கே பெறப்படுகிறது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. “எல்லா மாமரங்களும் மரங்கள், சில மரங்கள் காய்ப்பவை. ஆகவே சில மாமரங்கள் காய்ப்பவை.” உண்மைதானே என்று ‘சரி’ போடுவார்கள். ‘காய்ப்பவை’ என்பதை எடுத்துவிட்டு ‘முள்ளுள்ளவை’ என்று போட்டுப் பாருங்கள். அமைப்பு அதேதான்; முடிவு உடைந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் காட்ட வட்டங்கள் போதும். 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கையாண்ட முறை இது. வென்படம் நம் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில்தான் வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். ‘மரங்கள்’ பெரிய வட்டம். அதற்குள் ‘மாமரங்கள்’ சிறிய வட்டம். மூன்றாவது வட்டம் பெரியதை வெட்ட வேண்டும். சிறியதைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. முடிவு பொய்க்கும் ஒரு படம் வரைய முடிந்தாலே, அந்த முடிவு பெறப்படவில்லை. “முடிவை நிரூபி” என்று சொல்லாமல் “உடைத்துப் பார்” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் உற்சாகமாக இறங்குவார்கள்.

‘சில’ என்ற சொல்லில் தனிக் கவனம் வேண்டும். இவ்வகை வினாக்களில் அதற்குப் பொருள் ‘குறைந்தது ஒன்று’. ‘சில’ என்றதால் மற்றவை அப்படி இல்லை என்று ஆகிவிடாது.

திருப்பிப் போடுவது இன்னொரு பொறி. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நெறியை விளக்கும்போது, மலையில் புகை இருப்பதால் நெருப்பு உண்டு என்பதற்கு அடுக்களையைச் சான்று காட்டுகிறார். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ள இடம். ஆனால் நெருப்புள்ள இடமெல்லாம் புகையுள்ள இடமா? கனன்று சிவந்த கங்கில் நெருப்பு உண்டு, புகை இல்லை.

இதே பிழை ஆசிரியர் அறையிலும் நடக்கிறது. “படிக்காதவர்கள் எல்லாம் குறைந்த மதிப்பெண் வாங்குவார்கள், இவன் குறைந்த மதிப்பெண் வாங்கியிருக்கிறான், ஆகவே இவன் படிக்கவில்லை.” வட்டம் போட்டுப் பாருங்கள். ‘குறைந்த மதிப்பெண்’ என்ற பெரிய வட்டத்துக்குள், ‘படிக்காதவர்கள்’ என்ற சிறிய வட்டத்துக்கு வெளியே, எவ்வளவு இடம் இருக்கிறது! கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை அங்கே இருக்கலாம். விடியற்காலை வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வரும் பிள்ளை இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை நடத்தும் நாம், விடைத்தாள் திருத்தும்போதும் அந்த வட்டத்தை ஒருமுறை வரைந்து பார்ப்போம்.