ஓட்டைக் காசும் ஒரு செல்வமே



ஒன்றுக்கும் உதவாத பொருளைச் 'செல்லாக்காசு' என்று சொல்வது நம் வழக்கம். அதிலும் துளை விழுந்து, நெளிந்து, எழுத்து மழுங்கிய காசு என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடுவோம். இல்லையேல் எடைக்குப் போட்டுவிடுவோம். ஆனால் அத்தகைய காசுகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பழுதுபட்ட காசில் அவர்கள் அப்படி என்னதான் காண்கிறார்கள்? இதைப் பற்றியே இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

ரிங்கிட்டை நாம் இன்றும் 'வெள்ளி' என்றுதானே சொல்கிறோம்? ஒரு காலத்தில் அது மெய்யாகவே வெள்ளியால் ஆன காசாக இருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் அரசு, 1903ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் உருவம் பொறித்த ஒரு வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. அதன் எடை ஏறக்குறைய 27 கிராம். சில ஆண்டுகளில் வெள்ளி உலோகத்தின் விலை ஏறியது. காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை உண்டாகும் போலிருந்தது. எனவே அரசு பெரிய காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கி, சுமார் 20 கிராம் எடையுள்ள சிறிய காசுகளாக அடித்தது.

அந்தப் பெரிய காசுகளில் உருக்காலைக்குத் தப்பியவை எவை? பெட்டியில் முடங்கிக் கிடந்தவை சில. பெண்களின் கழுத்தில் ஏறியவை சில. துளையிட்டோ, வளையம் பற்றவைத்தோ நகையாக்கிய காசு மறுபடி கடைக்கும் போவதில்லை, வங்கிக்கும் போவதில்லை. தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. எந்தத் துளையை நாம் குறை என்கிறோமோ, அந்தத் துளையே காசின் உயிரைக் காத்திருக்கிறது!

இன்னொரு வகையைப் பார்ப்போம். கீழை நாடுகளின் வணிகத்திற்காகப் பிரிட்டிஷ் அரசு 1895 முதல் ஒரு வெள்ளிக் காசை அடித்தது. பெரும்பாலானவை பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடிக்கப்பட்டவை. ஆங்கிலம், சீனம், ஜாவி ஆகிய மூன்று எழுத்துகளும் அதில் உண்டு. சீன வணிகர்கள் காசைச் சோதித்து, நல்ல வெள்ளிதான் என்பதற்கு அடையாளமாகத் தங்கள் சிறு முத்திரையை அதன்மேல் குத்தினார்கள். பல கை மாறிய காசில் பல முத்திரைகள் விழுந்தன. முன்பு பலர் பழுது என்று ஒதுக்கிய இந்தக் காசுகளை இன்று விரும்பிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு குத்தும் ஒரு வணிகன் வைத்த கையொப்பம் அல்லவா?

மலாக்கா சுல்தான்கள் 15ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட வெள்ளீயக் காசுகளோ ஈர மண்ணில் கிடந்து அரித்துப் போனவை. அவற்றில் பளபளப்பைத் தேடுபவர் யாருமில்லை. கிடைப்பதே அரிது என்னும்போது, உடைந்த துண்டும் சரித்திரச் சான்றாகிவிடுகிறது.

எல்லா ஓட்டையும் பழுதல்ல என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சரவாக்கில் 1892 முதல் 1897 வரை வெளிவந்த ஒரு காசு நாணயத்தின் நடுவில் அரசே துளையிட்டிருந்தது. இந்தியாவில் 1943 முதல் 1947 வரை வழங்கிய 'ஓட்டைக் காலணா'வும் அப்படியே. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு அது.

பழுதுபட்ட காசில் இன்னொரு கவர்ச்சி, அதன் விலை. அரிய காசு ஒன்று புத்தம் புதிதுபோல இருந்தால், உழைத்துப் பிழைப்பவர் அதை நெருங்கவே முடியாது. அதே காசில் ஒரு துளை இருந்தால் விலை வெகுவாகக் குறையும். உண்மையான ஆர்வமுள்ளவர் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டியாவது ஒன்றை வாங்கிவிடலாம்.

இதனால் பழங்காசு எல்லாம் பெரும்பணம் தரும் என்று எண்ணிவிடக்கூடாது. 1919 முதல் 1961 வரை, வெவ்வேறு ஆட்சிப் பெயர்களில், சதுர வடிவில் வந்த ஒரு காசு நாணயங்களைப் பலர் பார்த்திருப்போம். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. அவை பழுதுபட்டால் விலை மிகச் சொற்பமே. மாறாக, சரவாக்கின் 1941ஆம் ஆண்டு ஒரு காசு மிக அரியது. அது சற்றுப் பழுதுபட்டிருந்தாலும் தேடுவோர் உண்டு. வயது வேறு, அருமை வேறு. போலிகளும் ஏராளம். வெள்ளிக் காசு என்பதில் காந்தம் ஒட்டினால் அது வெள்ளியல்ல. ஒட்டாததால் மட்டும் வெள்ளி என்று நம்பிவிடவும் கூடாது. எடையையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் பழங்காசு இருந்தால் நாம் என்ன செய்யலாம்? முதலாவதாக, பித்தளைச் செம்பைத் துலக்குவதுபோலப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்கக் கூடாது. காலம் தந்த நிறம் போனால் மீண்டும் வராது. இருக்கும் மதிப்பும் போய்விடும். இரண்டாவதாக, காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். மூன்றாவதாக, தனித்தனிக் காகித உறையில் இட்டு, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். நான்காவதாக, விவரம் அறிந்தவரிடம் காட்டாமல் எடைக்கு விற்கக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. காசில் ஆண்டு இருக்கும். அரசன் பெயர் இருக்கும். அதில் துளையிட்டது யார், எந்தத் தோட்டத்தில் யார் கழுத்தில் கிடந்தது, எந்தக் கஷ்டத்திலும் விற்காமல் வைத்திருந்தது ஏன் என்பதெல்லாம் அதில் எழுதியிராது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே. லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன குடும்பங்கள் பல. மூட்டை கட்டும் அவசரத்தில் பழைய தகரப் பெட்டிகள் எத்தனையோ குப்பைக்குப் போயின. நம் பாட்டன் பாட்டிமார் வாழ்க்கையை எழுதி வைத்த ஏடுகள் மிகச் சில. அவர்கள் கைபட்ட ஒரு காசு மிஞ்சியிருந்தால், அதுவே நம் குடும்பத்தின் ஏடு.

ஆகவே பாட்டியிடம் இன்றே கேட்போம். பள்ளி செல்லும் பிள்ளைகள் அவர் சொல்வதை எழுதி, அந்தக் காசோடு சேர்த்து வைக்கட்டும். காசு கடையில் செல்லாவிட்டாலும், அந்தக் கதை நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செல்லும்.