கருகலும் பதமும்: நம்ம வீட்டுக் கோப்பியைப் பற்றி

(நல்லதண்ணியில் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாங்கள் பேச வந்த விசயம் கோப்பி. தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு கோப்பியைப் பற்றி என்ன பேச்சு என்று இரண்டொருவர் சிரிப்பது எங்கள் காதில் விழுகிறது. சிரிக்க வேண்டாம். போன சீசனில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டீர்களா?

இந்தக் கூட்டத்தில் இருக்கிற அம்மா ஒருவர், லயத்துக்குப் பின்னால் உள்ள தன் பதினைந்து கோப்பிச் செடியிலும் பழம் பறித்து, காயவைத்து, வறுத்து, இடித்து, நாலு கிலோ தூளைச் சிவனொளிபாதமலைப் பாதையில் உள்ள கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தார். "கருகல் நாத்தம் அடிக்குது தங்கச்சி, வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா தூளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்த நாள் செடியை எல்லாம் வெட்டி விறகாக்கப் போவதாக நம்மிடம் வந்து சொன்னார். கொழுந்து பறித்து வந்த கையோடு, ராத்திரி முழிச்சிருந்து இடித்த தூள் அது. கோபம் வராமல் என்ன செய்யும்?

நாங்களும் அந்தத் தூளில் ஒரு தண்ணி போட்டுக் குடித்துப் பார்த்தோம். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் குற்றம் செடியிலும் இல்லை, அந்த அம்மாவின் உழைப்பிலும் இல்லை. நெருப்பில்தான் இருந்தது. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு பழைய கதை. நம்ம பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டம் 1830களுக்குப் பிறகு மலைநாடு பூராவும் பரவியது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சனங்கள் மன்னாரில் வந்திறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869ல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1867ல், ஜேம்ஸ் டெய்லர் என்கிற துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். நோய் கோப்பியைத் தின்றது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாளில் நம்ம ஆட்கள் பழம் பறித்தார்கள், தோலுரித்தார்கள், காயவைத்தார்கள். மூட்டை கொழும்புக்கு இறங்கி, அங்கே குத்திச் சுத்தம் செய்து, பச்சைக் கொட்டையாகவே கப்பல் ஏறியது. வறுக்கிற வேலை தோட்டத்து வேலையாக இருந்ததே இல்லை. அது கடலுக்கு அப்பால் நடந்தது. அதனால்தான், கோப்பிக்காக இவ்வளவு பாடுபட்ட சனம், கோப்பியின் பதம் என்ன என்பதை வேலையில் படித்துக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது. தாச்சியில் போட்டுக் கரியாகும் மட்டும் கிளறுவதுதான் வறுப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் பதம் என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் இங்கே பத்துப் பேராவது இருப்பீர்கள். ட்ரையரில் நெருப்பு ஏறிவிட்டால் தேயிலை தீய்ந்த வாசம் வரும், டீ மேக்கர் அந்த வாசத்தைத் தூரத்திலேயே பிடித்துவிடுவார் அல்லவா? அதே மூக்குதான் கோப்பிக்கும் வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. தேயிலையின் மணமும் நிறமும் பெரும்பாலும் கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப் பட வைக்கும்போதே உண்டாகிவிடும். நெருப்பு அதை நிறுத்தி உலர்த்துவதற்குத்தான். கோப்பி அப்படி இல்லை. பச்சைக் கொட்டையைக் கடித்துப் பாருங்கள், காய்ந்த பயறு மாதிரி இருக்கும், கோப்பி வாசமே இருக்காது. நாம் கோப்பி வாசம் என்று சொல்வது முழுக்க நெருப்பில் பிறப்பது.

எப்படிப் பிறக்கிறது? நன்றாகக் காய்ந்த கொட்டையிலும் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு தண்ணீர் இருக்கும். சூடு ஏற ஏற அது ஆவியாகும். கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகும், அப்போது வைக்கோல் வாசம் வரும். பிறகு ரொட்டி சுடும்போது மேலே சிவக்கிறதே, அது மாதிரிச் சிவக்கத் தொடங்கும். கொட்டைக்குள் உள்ள இனிப்பும் புரதச் சத்தும் சூட்டில் கலந்து நூற்றுக்கணக்கான வாசங்களை உண்டாக்கும். ஏறக்குறைய 200 பாகைச் சூட்டில் உள்ளே அடைபட்ட ஆவி கொட்டையை வெடிக்க வைக்கும். சோளம் பொரிகிற மாதிரி பட், பட் என்று சத்தம் கேட்கும். இதுதான் முதல் வெடிப்பு. அது அடங்கிச் சற்று நேரத்தில், நெருப்பை விடாமல் வைத்திருந்தால், சருகு நொறுங்குவது போல மெல்லிய சடசடப்பு இரண்டாம் முறை கேட்கும். அப்போது சூடு 225 பாகை அளவில் இருக்கும். அதற்குப் பிறகு கொட்டையின் மேல் எண்ணெய் கசியும், புகை நீலமாக வரும். இன்னும் விட்டால் கரி.

நம்மிடம் சூடு பார்க்கிற கருவி கிடையாது. காது இருக்கிறது, அது போதும்.

போன மாதம் இதே மடுவத்தில் ஒரு சோதனை செய்தோம். ஒரே செடிக் கொட்டையை மூன்று பங்காக வறுத்தோம். (அதற்கு முதல் நாள் நாங்கள் வறுத்த ஒரு கிலோ, பேச்சு மும்முரத்தில் தீய்ந்து போனதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மடுவம் பூராவும் புகை. பிள்ளைகளை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று.) ஒரு பங்கை முதல் வெடிப்பு முடிந்ததும் இறக்கினோம், கறுவாப்பட்டை நிறத்தில் இருந்தது. இரண்டாவதை அதற்கு அப்புறம், ஆனால் இரண்டாம் வெடிப்புக்கு முன்னால் இறக்கினோம், புளியங்கொட்டை நிறம். மூன்றாவது நம்ம வழக்கப்படி, கன்னங்கரேல். எது எது என்று சொல்லாமல் சீனி போடாமல் குடிக்கக் கொடுத்தோம்.

முதல் கோப்பையைக் குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "புளிக்குது" என்றார்கள். சரிதான். இளவறுவலில் கொட்டையின் சொந்தப் புளிப்பு அப்படியே நிற்கும், தோடம்பழச் சாறு மாதிரி ஒரு கூர்மை இருக்கும். நோர்வே, சுவீடன் பக்கத்தில் அதைத்தான் விரும்பிக் குடிக்கிறார்கள். நமக்குப் பழக்கம் இல்லை. இரண்டாவதில் புளிப்பு தணிந்து, கருப்பட்டி வாசமும் வறுத்த கச்சான் வாசமும் கசப்போடு சேர்ந்து வந்தது. ஒரு பெரியம்மா, "இது நம்ம தோட்டத்துக் கோப்பி இல்ல, கடையில வாங்கினது" என்று சண்டைக்கே வந்துவிட்டார். மூன்றாவதில் கசப்பும் புகையும் தவிர வேறொன்றும் இல்லை. இனிப்பெல்லாம் எரிந்து போயிருந்தது.

"ஆனால் கறுப்பாக வறுத்தால்தானே ஸ்ட்ராங்கா இருக்கும்?" என்று அன்றைக்கே ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. நம்ம எல்லோர் மனசிலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. கசப்பு கூடுவது உண்மை. ஆனால் தூக்கத்தைக் கலைக்கிற கபீன் என்ற சத்து நெருப்பில் கூடாது. வறுக்க வறுக்க அது பெரிதாக மாறுவதே இல்லை. கபீன் கூடக் குறைய இருப்பது செடியின் இனத்தைப் பொறுத்தது. ரொபஸ்டா இனத்தில் அரபிக்காவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். தண்ணி கட்டியாக வேண்டுமானால் தூளைக் கூடப் போட வேண்டும், கொட்டையைக் கருக்குவதால் பயன் இல்லை.

அதோடு நிறையும் போகும். ஒரு கிலோ கொட்டையைப் புளியங்கொட்டை நிறத்தில் இறக்கினால் சுமார் 850 கிராம் மிஞ்சும். கறுப்பாக்கினால் 800 கிராம்தான். பத்துக் கிலோ வறுக்கிறவர் அரைக் கிலோத் தூளை அடுப்புப் புகையில் அனுப்பிவிடுகிறார். விறகுச் செலவு வேறு.

அப்படியானால் ஏன் இவ்வளவு காலமும் எல்லோரும் கருக்கினார்கள்? எங்கள் கருத்து இது. கருகலில் எல்லாக் கொட்டையும் ஒன்றுதான். பச்சைக் காய், பூஞ்சணம் பிடித்தது, பூச்சி துளைத்தது, நல்ல பழம், எல்லாம் ஒரே கசப்பாகிவிடும். குற்றம் மறையும். நல்லதும் அதோடு சேர்ந்து மறையும். ஆகவே, பழுத்த பழமாகப் பொறுக்கிப் பறித்தவருக்கும், கொப்போடு உருவிப் போட்டவருக்கும் ஒரே விலைதான். வாசலுக்கு வந்து காய்ந்த பழத்தை வாங்கிப் போகிற வியாபாரிக்கு அது வசதி. நமக்கு நட்டம்.

இதனால் கறுப்பாக வறுப்பதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. தென் இத்தாலியில் கருவறுவலைத்தான் குடிக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் சீனியும் மாஜரீனும் போட்டே கறுப்பாக வறுக்கிறார்கள். தமிழ்நாட்டில் பாலோடு குடிப்பதால் சற்றுக் கறுத்த வறுவலும் சிக்கரியும் எடுபடுகிறது. நம்ம வீடுகளில் கொத்தமல்லியும் சுக்கும் தட்டிப் போட்டுக் காய்ச்சல் நேரம் குடிக்கிறதும், சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கொடுக்கிறதும் கறுத்த கோப்பிதான். அவர்கள் கறுப்பை வேண்டும் என்று வறுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்கள். நாம் நிறுத்தத் தெரியாமல் கருக்குகிறோம். அதுதான் வித்தியாசம்.

இனி, பதமாக வறுக்க வேண்டுமென்றால் வேலை செடியில் தொடங்குகிறது. கொழுந்தில் இரண்டு இலை ஒரு மொட்டுப் பார்க்கிற கை, கோப்பியில் சிவந்த பழத்தை மட்டும் பார்க்க வேண்டும். பறித்ததைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குங்கள். நிலத்தில் நேரே காயப்போட வேண்டாம், மண் வாசம் ஏறும். பாயிலோ சாக்கிலோ மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மழை வந்தால் உள்ளே எடுங்கள். நம்ம ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது என்பது உங்களுக்கே தெரியும். வறுத்த பிறகும் சில கொட்டை வெளிறி நிற்கும். அது முற்றாத காயிலிருந்து வந்தது. பொறுக்கி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூளில் பச்சைக் கச்சான் நெடி வரும்.

தாச்சியில் ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். கொட்டை ஒரே அளவாக இருக்கட்டும், சின்னதும் பெரியதும் கலந்தால் சின்னது முந்திக் கருகும். நெருப்பு நிதானமாக எரிய வேண்டும், கை ஓயக்கூடாது. கால் மணித்தியாலத்திலிருந்து இருபது நிமிடம் எடுக்கும். ஐந்து நிமிடத்தில் கறுத்துவிட்டால் மேல் தீய்ந்து உள்ளே பச்சையாக இருக்கிறது என்று அர்த்தம். வெடிப்புத் தொடங்கியதும் வானொலியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். அது அடங்கி, நிறம் புளியங்கொட்டைக்குக் கிட்ட வரும்போதே இறக்குங்கள், முழுசாக வரட்டும் என்று நிற்க வேண்டாம். இறக்கிய பிறகும் தன் சூட்டிலேயே கொட்டை வேகும். உடனே முறத்தில் கொட்டி வாசலில் நின்று புடையுங்கள். சூடும் தணியும், மேல் உமியும் பறந்துவிடும். இதற்கு மெஷின் விற்கிறார்கள். நம்ம முறம் அதைவிட மோசமில்லை.

சுடச்சுட இடிக்கவும் வேண்டாம். வறுத்த கொட்டைக்குள் வாயு அடைபட்டிருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் ஆறவிட்டு இடித்தால் சுவை நன்றாக இருக்கும். கொட்டையாக வைத்தால் சில கிழமை மணம் நிற்கும், தூளாக்கினால் நாளுக்கு நாள் மணம் இறங்கும். ஆகவே கடைக்குக் கொடுக்கிற கிழமையில் இடியுங்கள். மூடி இறுகிய டின்னில் போடுங்கள். மண்ணெண்ணெய்க்கும் கருவாட்டுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். தூளைத் தண்ணியோடு போட்டு நெடுநேரம் கொதிக்கவைப்பதும் கசப்பைத்தான் கூட்டும். கொதித்த தண்ணியை இறக்கி, தூளைப் போட்டு, மூடி, நாலைந்து நிமிடம் அடியில் தங்கவிட்டால் போதும்.

நலன்புரி வேலை பார்க்கிறவர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. எந்த வறுவலாக இருந்தாலும் சோற்றோடோ ரொட்டியோடோ சேர்த்துக் கோப்பியும் தேத்தண்ணியும் குடிக்காதீர்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுப்பதை அவை தடுக்கும். இரத்தம் குறைவென்று கிளினிக்கில் சொல்லப்பட்ட தாய்மார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

செடியை வெட்டப் போன அந்த அம்மா வெட்டவில்லை. இரண்டாவது கோப்பையைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இவ்வளவு நாளும் நானேதான் எரிச்சிருக்கேன்" என்றார். பழைய கடைக்காரரிடமே இந்தத் தடவையும் போவதாகச் சொல்லியிருக்கிறார். வாங்குவாரா மாட்டாரா என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு கோப்பை போட்டுக் குடித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கும்படி மட்டும் சொன்னோம்.

சிவனொளிபாதமலைச் சீசன் டிசம்பர்ப் போயாவில் தொடங்கி மே மாதத்து வெசாக் மட்டும் நடக்கும். ராத்திரிக் குளிரில் நடுங்கிக்கொண்டு மலை ஏறுகிற சனம் நம்ம லயத்து வாசல் வழியாகத்தான் போகிறது. அதற்கு முன்னால் நாலு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இங்கேயே வறுப்போம். ஒவ்வொருவரும் குத்திச் சுத்தம் செய்த கொட்டை அரைக் கிலோவும், ஒரு முறமும், இரண்டு கட்டை விறகும் கொண்டு வாருங்கள். பெரிய தாச்சி எங்களிடம் இருக்கிறது, போன மாதக் கரியைச் சுரண்டி வைத்திருக்கிறோம்.