தண்ணீர் பாட்டிலில் விமானக் கண்ணாடி
(விடுமுறைக் கால வகுப்பில் பெற்றோருக்கு ஆற்றிய உரை)

 

காகிதத்தில் வெட்டி ஒட்டும் விமான மாதிரியில் பிள்ளைகள் சோர்ந்து போவது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியில்தான். காகிதம் குமிழ் போல வளையாது. நீல மை பூசி விட்டுவிடுகிறார்கள்.

கல்யாண முருங்கை போன்ற மென்மரத்தில் அந்த வடிவத்தைச் செதுக்கி, உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். மரத்தில் உள்ள கீறல் மூடியிலும் தெரியும். காலித் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, அச்சை உள்ளே இறுக்கி வைத்து, சுற்றிலும் சூடு காட்டுங்கள். பாட்டிலை ஆலையில் இழுத்து ஊதித்தான் செய்கிறார்கள். அதனால் சூடு பட்டதும் சுருங்கி அச்சைக் கவ்விக்கொள்ளும். ஓரிடத்திலேயே காட்டினால் பால் போல வெளுத்துவிடும். நம் நாமக்கல் பக்கம் லாரிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களிடம் ஹீட் கன் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அதைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும்.

என் மகன் இப்படி அருமையாக ஒரு மூடி செய்தான். பள்ளிக் கண்காட்சிக்கு முதல் நாள் இரவு, அவசரத்தில் நான் உடனே ஒட்டும் பசையை எடுத்துக் கொடுத்தேன். அதன் ஆவி பட்டு, காலையில் மூடி முழுக்க வெள்ளைப் புகை படிந்திருந்தது. இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. ஃபெவிகால் போதும், காய மெதுவாகும், ஆனால் தெளிவாகக் காயும்.

அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே, மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் உட்கார்ந்திருப்பாராம். நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார இந்தக் காகித விமானம் இருக்கிறது. முதல் மூடி கோணலாகத்தான் வரும். பாட்டில் இன்னொன்று கிடைக்கும்.