கடல் கடந்த கல்வியும் நம் கடமையும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் சேர்வது பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, நம் பெரியவர் ஒருவர், "கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஜிப்மருக்குள் படிக்கப் போவதே நமக்குக் குதிரைக் கொம்பாக இருக்கிறது. அமெரிக்கா எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை நம் வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகிறது. கோட்டு அணிந்து, கையில் நூலுடன் நிற்கும் அண்ணல் அம்பேத்கரின் படத்தைத்தான் சொல்கிறேன்.

1912-இல் பம்பாயில் பி.ஏ. தேறினார் அண்ணல். 1913 பிப்ரவரியில் தந்தையை இழந்தார். அதே ஆண்டு ஜூலையில், தம் 22-ஆம் வயதில், நியூயார்க் நகரில் இறங்கினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.5 பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தார். படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், ஜான் டூயி போன்ற பேராசிரியர்களிடம் பயின்று 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதத்தில் அங்கேயே இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய ஆய்வுரையைப் படித்தார். 1927-இல் அப்பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

அத்தகைய மேதை 1917-இல் பரோடா திரும்பியபோது தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் வேற்றுப் பெயரில் தங்கியவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. பட்டம் சாதியை ஒழித்துவிடாது என்பதை இதனால் அறிகிறோம். ஆனால் அந்தப் பட்டத்தால் பெற்ற அறிவைக் கொண்டுதான் அவர் சாதியை எதிர்த்து நின்றார் என்பதையும் மறக்கலாகாது.

மாணவச் செல்வங்களே! அங்கே சேர்க்கை நடைபெறும் முறை வேறு. நம் நாட்டில் மதிப்பெண் ஒன்றே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அங்கே மதிப்பெண்ணோடு, மாணவர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரை, பள்ளிக்கு வெளியே அவர் செய்த பணி, ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம் ஆகிய அனைத்தையும் சேர்த்து எடை போடுகிறார்கள். தம்பியைத் தூக்கி வளர்த்துக்கொண்டே படித்ததும், மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அங்கே மதிக்கப்படும் தகுதிகளே. அவற்றை எழுத நாம் கூச்சப்படக் கூடாது.

இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டான். கட்டட வேலை செய்யும் தாயின் மகன். கணக்கில் தனக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்துத் தீர்ப்பவன். நானோ நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகிய கையால், "இவன் ஒழுக்கமானவன், கடின உழைப்பாளி" என்று இரண்டே வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. என் கடிதம்தான் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் கரும்பலகையில் போட்ட கணக்கை நான் எழுதியிருக்கலாமே என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுத்து, பணம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் குடும்பத்தால் பணம் கட்ட இயலுமா என்று பார்ப்பதில்லை. சேர்த்துக்கொண்டபின், குடும்பத்தால் இயலாத தொகை முழுவதையும் தாமே ஏற்கின்றன. எல்லாக் கல்லூரிகளும் அப்படியல்ல. அண்ணல் பயின்ற கொலம்பியாவே இளநிலைப் படிப்பில் வெளிநாட்டாரின் பண நிலையைக் கணக்கில் கொள்கிறது. ஆகவே விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும். முதுநிலைக்கும் டாக்டர் பட்டத்துக்கும் 1954-55 முதல் நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உள்ளது. பட்டப்படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண், 35-க்குள் வயது, ஆண்டுக்கு 8 இலட்சத்துக்கு மேற்படாத குடும்ப வருமானம் என்பவை அதன் முக்கிய விதிகள்.

இளநிலைக்கு விண்ணப்பிப்போர் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கடைசி நாள் சனவரித் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. வகுப்புகள் ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்குகின்றன. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வைக் கட்டாயமாக்கியுள்ளன. விண்ணப்பக் கட்டணம் கட்ட இயலாதவர் விலக்குக் கேட்கலாம். சாதி, வருமானச் சான்றிதழ்களைக் கடைசி நேரத்தில் தேடாமல் முன்பே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்திலுள்ள கல்வி ஆலோசனை மையம் கட்டணமின்றி வழிகாட்டுகிறது. இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி இலட்சங்கள் கேட்கும் தரகர்களிடம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து ஏமாறாதீர்கள்.

பொய் நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. 2025-இல் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நாள் வழங்குவதையே அமெரிக்க அரசு சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. சாதியும் கப்பலேறிச் சென்றுவிட்டது. அதனால்தான் 2019-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2023-இல் சியாட்டில் நகரமும் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்ய நேர்ந்தது. இத்தனையும் தெரிந்தே முயல வேண்டும். ஜிப்மருக்கும் முயலுங்கள், அங்கேயும் முயலுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டாம்.

கழகப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளையேனும் தேர்ந்தெடுங்கள். அவர்களின் தேர்வுக் கட்டணத்தைக் கழகம் ஏற்கட்டும். ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக்க, கல்லூரி முடித்த நம் இளைஞர்கள் வாரம் ஒரு மாலை ஒதுக்கட்டும். பரிந்துரைக் கடிதம் எழுத ஆசிரியர்களுக்குக் கற்றுத் தாருங்கள். அந்த வகுப்பில் முதல் மாணவனாக நான் வந்து அமர்கிறேன்.

அண்ணலுக்கு ஒரு மன்னர் பணம் கொடுத்தார். நமக்கு மன்னர் இல்லை. இந்தக் கழகம் இருக்கிறது. பொன்விழாவில் இதே மேடையில் அங்கே படித்துத் திரும்பிய நம் தெருப் பெண்ணொருத்தி பேசட்டும். அவளுக்கு எழுதப்பட்ட கடிதம் இரண்டு வரியோடு நின்றிராது என்று உறுதி கூறுகிறேன்.