ஒரே வாக்கியம், இரண்டு செயல்



ஜொகூர் பாருவிலிருந்து விடியும் முன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படும் ஒரு தாய், மதியம் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள். தகவல் அறியவா கேட்கிறாள்? 'சாப்பிடு' என்ற கட்டளையும் 'உன்னை மறக்கவில்லை' என்ற ஆறுதலும் அதற்குள் இருக்கின்றன.

பேசுவதும் ஒரு செயலே என்பதை ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் விளக்கினார். 1962-இல் அது நூலாயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் நன்னூலோ வினாவை ஆறாகப் பிரித்திருக்கிறது. பெறுவதற்காகக் கேட்பது கொளல்வினா. கொடுப்பதற்காகக் கேட்பது கொடைவினா. செய்யத் தூண்டிக் கேட்பது ஏவல்வினா. சொல்லை மட்டுமல்ல, சொல்பவரின் நோக்கத்தையும் இலக்கணம் பார்த்திருக்கிறது.

இந்தக் கண்ணோடு கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதையைப் படிக்கலாம். 1950-களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய அவர், மலேசிய வாசகர்களுக்கு அந்நியரல்லர்.

கதையில் பணக்கார வீட்டு ராமசாமியும் ஏழைத் தாயம்மாளின் பிள்ளைகளும் போட்டி போடுகிறார்கள். ஒருவர் 'எங்கள் வீட்டில் இது இருக்கிறது' என்றால், மற்றவர் 'எங்கள் வீட்டில் அது இருக்கிறது' என்பார். மேலோட்டமாக இவை தகவல்கள். உண்மையில் ஒவ்வொன்றும் ஓர் அறைகூவல்.

தீபாவளியும் வருகிறது. ராமசாமி, தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறான். உடனே சிறுமி மங்கம்மாள், தன் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகப் பதில் சொல்கிறாள். அவள் சொல்லும் ராஜா யார்? எச்சில் இலையில் பசியாறிய அநாதைச் சிறுவன். தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டி, கணவருக்கென வாங்கிய துண்டை உடுத்திவிட்டிருக்கிறாள்.

வாக்கியம் ஒன்றே, செயல்கள் இரண்டு. ராமசாமியின் சொல் தன்னை உயர்த்திக்கொள்கிறது. மங்கம்மாளின் சொல்லும் போட்டிக்கான பதில்தான். ஆனால், 'எங்கள் வீட்டுக்கு' என்று அவள் சொன்ன நொடியில், வீடில்லாத ஒரு சிறுவனுக்கு வீடு கிடைத்துவிடுகிறது. தான் செய்தது இன்னதென்று அவளுக்கே தெரியாது. வாசகருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வருவது அதனால்தான்.

பண்டிகை நாளில் உங்கள் பிள்ளையும் 'எங்கள் வீட்டில்' என்று பேசத் தொடங்கும்போது சற்றே காது கொடுங்கள். அது அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தோற்கடிக்கும் பேச்சா, உள்ளே அழைக்கும் பேச்சா?