ஞாயிறு வேலைக்குக் கூலி என்ன?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஞாயிறு வேலை கிடைத்தால் பலருக்குச் சந்தோஷம். கையில் நாலு காசு கூடுதல். காலையில் பாலத்து நெரிசலும் குறைவு. ஆனால், ஞாயிறு என்றாலே இரட்டைச் சம்பளம் என்று எண்ணிவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பேசுவது உங்கள் வார ஓய்வு நாளைப் பற்றித்தான். அது ஞாயிறாகவே இருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கெடாவில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தானே!

மாதம் 4,000 வெள்ளிக்குள் வாங்குபவர் ஓய்வு நாளில் முழு நேரம் உழைத்தால், தினக்கூலிக்கு இரண்டு நாள் கூலி. மாதச் சம்பளத்துக்கு ஒரு நாள் சம்பளம் கூடுதல். கல்லூரி நாளில் நானும் ஒரு கடையில் ஞாயிறு முழுக்க நின்றேன், கேட்கத் தெரியாமல். ஓய்வு நாள் மாறி மாறி வந்தால், மாதம் பிறக்குமுன்பே முதலாளி பட்டியல் போட்டுத் தெரிவிக்க வேண்டும். உங்கள் பட்டியலைப் பார்த்தீர்களா?